புரொபப்ளி கண்ட பிறை

எட்டாம் தரத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு, ஆண்டுக்கு ஒருமுறை வருகிற ஒரு பாடத்தில் மட்டும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும். நிச்சயத்தையும் சந்தேகத்தையும் சொல்லுகிற சொற்கள் பற்றிய பாடம் அது. டெபினட்லி, புரொபப்ளி, மேபி, அன்லைக்லி, இம்பொசிபிள் என்று கரும்பலகையில் மேலிருந்து கீழாக எழுதுவேன். பிள்ளைகள் அலுப்போடு பார்த்து எழுதுவார்கள். இதில் ஒரு சொல், ஒரு நோன்புக்காலத்து மாலையில், எங்கள் ஊர்ப் பெரிய பள்ளிவாசலுக்குள் மௌலவிமாருக்கு நடுவில் நின்று பெருநாளைப் பற்றிக் கதைத்திருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது இந்த டீச்சர்தான் என்று அவர்களுக்குச் சொன்னால் நம்புவார்களா? பாடத்தின் பாஷையிலேயே சொல்வதென்றால், அன்லைக்லி.

அப்போது எனக்குப் பத்து வயது. ராத்தா, அதாவது என் அக்கா, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தான் படிப்பதை வீட்டில் உள்ள எல்லோரும் படித்தாக வேண்டும் என்பது அவளுடைய சட்டம். ஒருநாள் சமையல் நடக்கிற குசினிக் கதவின் பின்பக்கத்தில் சோக்குக்கட்டியால் ஒரு ஏணி கீறி, படிக்கொரு சொல் எழுதிவிட்டாள். மேல்படியில் டெபினட்லி. நிலத்தைத் தொடுகிற படியில் இம்பொசிபிள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. இன்றைக்கு மழை பெய்யுமா, கரண்ட் போகுமா, மீன்காரர் வருவாரா என்று எந்தக் கேள்வி வந்தாலும், பதில் சொல்கிறவர் ஏணியில் ஒரு படியைப் பிடித்துத்தான் சொல்ல வேண்டும். டெபினட்லி என்று சொல்லி அது நடக்காமல் போனால் தண்டனை உண்டு. கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளித் தொட்டியை நிரப்ப வேண்டும். மற்றப் படிகளுக்குத் தண்டனை இல்லை.

இந்த விளையாட்டால் அதிகம் லாபம் அடைந்தவர் வாப்பா. புதுச் செருப்பு வேண்டும் என்று கேட்டால் முன்பெல்லாம் 'பார்ப்பம்' என்று இழுப்பார். இப்போது பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே 'மேபி' என்றார். உம்மாவுக்குத்தான் அந்த ஏணி பிடிக்கவில்லை. டெபினட்லிக்கு மேலே ஒரு படி விடுபட்டுப் போயிருக்கிறது, இன்ஷா அல்லாஹ்வை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். ராத்தாவின் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதிரையில் ஏறி நின்று, கதவுநிலையின் உச்சியில் அதையும் எழுதினாள். அதற்குப் பிறகுதான் உம்மா எங்களோடு சேர்ந்தார்.

அந்த வருடம் நோன்பு பிறந்தபோது உம்மாவின் தம்பி, என் மாமா, கட்டாரிலிருந்து லீவில் வந்தார். அங்கே ஒரு கட்டடக் கம்பனியில் வாகனம் ஓட்டுகிறவர். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணத்துக்குப் பிறகு மனைவியின், அதாவது என் மாமியின், வீட்டில்தான் இருந்தார். அந்த வீடும் எங்கள் ஒழுங்கையில், அதே சின்னத் தெருவில்தான் இருந்தது என்பதால் நாளில் பாதிநேரம் எங்கள் முற்றத்தில் நிற்பார். ஏணியைப் பார்த்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு இத்தனை சொற்கள் தேவையே இல்லையாம். ஷுவர் என்கிற ஒரே சொல்லை வைத்துக்கொண்டுதான் அந்த நாட்டில் இத்தனை வருடம் பிழைக்கிறாராம். ஆறு மணிக்குள் போய்விடலாமா என்று இஞ்சினியர் கேட்டால் ஷுவர். வழி தெரியுமா என்று கேட்டால் அதற்கும் ஷுவர். வண்டி வெளிக்கிட்ட பிறகுதான் வழியைத் தேடுவது. மேபி என்று சொல்கிற டிரைவருக்கு அடுத்த நாள் அங்கே வேலை இருக்காது என்றார். ராத்தா விடவில்லை. ஷுவரும் டெபினட்லியும் ஒரே படி என்று தீர்ப்புச் சொல்லி அவரையும் விளையாட்டில் சேர்த்தாள். அந்த நோன்பு முழுக்க எங்கள் தொட்டி நிரம்பி வழிந்ததற்கு மாமாவே காரணம். பகலெல்லாம் நோன்போடு இருந்துகொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி, சிரித்தபடி வாளி வாளியாக அள்ளி ஊற்றுவார்.

நோன்பு கடைசிக்கு வரவர மாமாவின் சிரிப்புக் குறைந்தது. ஏன் என்று எனக்கும் தெரியும், ஒழுங்கைக்கே தெரியும். இருபத்தொன்பதாம் நோன்பு முடிகிற மாலையில் பிறை தென்பட்டால் அடுத்த நாள் பெருநாள். தென்படாவிட்டால் இன்னொரு நோன்பு பிடித்து, அதற்கு அடுத்த நாள்தான் பெருநாள். மாமாவின் லீவோ அந்த இரண்டுக்கும் நடுவில் முடிந்தது. முப்பதாம் நாள் அந்தி மஃரிப் தொழுதுவிட்டுக் கொழும்புக்கு வேன் ஏற வேண்டும். விடியப் புறம் விமானம். ஒருநாள் பிந்தினாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கம்பனி முன்கூட்டியே சொல்லியிருந்தது. ஆக, பிறை இருபத்தொன்பதில் தெரிந்தால் மாமா பிள்ளைகளோடு பெருநாள் தொழுது, மாமியின் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவார். தெரியாவிட்டால் பெருநாள் காலையில் ஆகாயத்தில் இருப்பார். அவருடைய இளைய மகன் பிறந்த பிறகு ஒரு பெருநாளுக்கும் அவர் ஊரில் இருந்ததில்லை. மாமி அந்த முறை தகப்பனுக்கும் இரண்டு மகன்மாருக்கும் ஒரே துணியில் சேட்டு தைத்து வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்தை அறியாதவர்கள் பிறை பார்ப்பது என்றதும் கடற்கரையைத்தான் நினைப்பார்கள். கல்முனைக் கரையில் கடல் கிழக்கே இருக்கிறது, பிறை தெரிவது மேற்கே. கொழும்பிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு மாப்பிள்ளையாக வந்த ஒருவர், முதல் வருடம் பிறை பார்க்கிறேன் என்று கடற்கரைக்குப் போய் மஃரிப்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பக்கத்து ஊரான பாண்டிருப்பின் தோணிக்காரர்கள் இரக்கப்பட்டு, உங்கள் ஆட்கள் யாரும் கடலுக்குப் போய்த் திரும்பவில்லையா என்று கேட்டார்களாம். எங்களுக்குப் பிறை என்றால் வயல்தான். ஊரின் மேற்கு எல்லையில் பெரிய வாய்க்கால் கட்டு இருக்கிறது. அதில் ஏறி நின்றால் வயல்வெளி முடிகிற இடத்தில் வானம் இறங்குவதைப் பார்க்கலாம்.

இருபத்தொன்பதாம் நோன்பு மாலை வாய்க்கால் கட்டின் மேல் ஊரே நின்றது. சிறுபோக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. அங்கங்கே வைக்கோல் எரித்த புகை இன்னும் எழும்பிக்கொண்டிருந்தது. மேற்கே மேகமும் இருந்தது, மேகத்துக்கு நடுவே துண்டு துண்டாக வெளியும் இருந்தது. பாங்கு சொல்லக் கேட்டதும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கைமாறின. அதன் பிறகு எல்லாக் கண்களும் மேற்கே திரும்பின. மாமா என்னைத் தூக்கித் தன்னுடைய மோட்டார் சைக்கிளின் சீற்றில் நிறுத்தினார். சின்னப்பிள்ளைக் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும் என்று பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரரிடம் சொன்னார். பேக்கரிக்காரர் எங்கள் ஒழுங்கை முனையில் கடை வைத்திருப்பவர், மாமாவின் சிறுவயதுக் கூட்டாளி.

நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். மாமாவுக்காகப் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். தென்னைமரக் கூட்டத்துக்கு மேலே, மேகத்தின் ஓரத்தில், வெட்டிய நகம் போல வெளிறிய ஒன்று தெரிந்தது. அந்தா என்று விரலை நீட்டினேன். மாமா குனிந்து என் தோளில் கன்னத்தை வைத்து, என் விரல் போன வழியே பார்த்தார். கண்டன் என்றார். பேக்கரிக்காரர் மாமாவின் தோளுக்கு மேலாக எட்டி, ஓம் ஓம், நானும் கண்டன் என்றார். நான் மறுபடி பார்க்கும்போது அந்த இடத்தில் மேகம் மட்டும்தான் இருந்தது. ஆனால் அதற்குள் பின்னால் நின்ற இளைஞர்கள் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் ஊருக்குள் பறந்தன.

நாங்கள் ஒழுங்கைக்குத் திரும்பி வரும்போது ஊரில் பெருநாள் ஏறக்குறையத் தொடங்கியிருந்தது. பட்டாசுச் சத்தம் கேட்டது. உம்மா வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மாமி ஓடிவந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சினார். என் பிள்ளைகளுக்கு வாப்பாவோட ஒரு பெருநாளைக் கண்டுபிடிச்சுத் தந்திட்டாய் என்றார். அதுவரை என்னை யாரும் அப்படிக் கொஞ்சியதில்லை. ராத்தா மட்டும் கதவோரத்தில் நின்று, டெபினட்லியா என்று கேட்டாள். நான் உம்மாவின் பக்கம் போய்த் துருவிய தேங்காயை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

பிறை கண்டவர் கண்டேன் என்று சொல்வதோடு எங்கள் ஊரில் காரியம் முடிவதில்லை. பள்ளிவாசலில் சாட்சி சொல்ல வேண்டும். பெருநாள் பிறைக்கு ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். அவர்கள் சொல்வதைப் பெரிய மௌலவியும் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காயர்மாரும் விசாரித்துத் திருப்திப்பட்டால்தான் கொழும்புக்கு அறிவிப்பார்கள். கொழும்பில் ஏற்றுக்கொண்டால் நாடு முழுவதும் பெருநாள். அன்று வேறெந்த ஊரிலிருந்தும் பிறை கண்ட செய்தி வரவில்லை. மேகம் எல்லா இடத்திலும் மறைத்திருந்தது. முழு நாடும் எங்கள் மாமாவையும் பேக்கரிக்காரரையும் நம்பிக் காத்திருந்தது என்று சொன்னால் அது கொஞ்சம் பெருப்பித்துச் சொல்வதுதான், ஆனால் பொய் இல்லை.

உள்ளே நடந்ததை வாப்பா பிறகு சொன்னார். பிறையின் கொம்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று மௌலவி கேட்டிருக்கிறார். மேலே என்றார் பேக்கரிக்காரர். இடப்பக்கம் சரிந்து என்றார் மாமா. எவ்வளவு உயரத்தில் என்று கேட்டதற்கும் இரண்டு பேரும் இரண்டு கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். கண்டது உறுதியா என்று கேட்டபோது மட்டும் மாமா தயங்கவில்லை. ஷுவர் ஹஸ்ரத் என்றாராம், கட்டாரில் சொல்கிற அதே வேகத்தில். யார் முதலில் கண்டது என்று மௌலவி கேட்க, மருமகள்தான் காட்டினா என்று மாமா சொல்லியிருக்கிறார். அவவை ஒருக்கா கூட்டிட்டு வாங்க என்று மௌலவி வாப்பாவைப் பார்த்துச் சொன்னாராம்.

வாப்பா வந்து முக்காட்டைச் சரிசெய்யச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கேட்டதுக்குப் பதில் சொன்னால் போதும் என்றார். முன்விறாந்தையில் ஆண்கள் நிறைந்திருந்தார்கள். நான் நடக்க நடக்க வழி விட்டார்கள். மௌலவி தூணோரம் பாயில் இருந்தார். எதிரே மாமாவும் பேக்கரிக்காரரும். மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்பது எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருக்கிறது. கண்டேன் என்று ஒரு சொல் சொன்னால் மாமா நாளைக்கு எங்களோடு இருப்பார். மாமியின் கைகள் இன்னும் என் கன்னத்தில் இருப்பது போலவே இருந்தது. ஆனால் அந்த வெளிறிய கோடு, நினைக்க நினைக்க, கையில் பிடித்த தண்ணீராக ஒழுகிப்போனது. பிறையா, மேகத்தின் விளிம்பா, வைக்கோல் புகையா? எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் உண்மையைச் சொன்னதற்கு மார்க்கப்பற்றுத்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையான காரணம் ராத்தாவின் ஏணி. தெரியாத ஒன்றுக்கு மேல்படியைப் பிடிக்கக் கூடாது என்று அத்தனை நாள் விளையாடி விளையாடி உடம்பில் ஊறிப்போயிருந்தது.

மௌலவி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மகள், நீ கண்டது பிறைதானா?"

தொண்டையில் தமிழ் வரவில்லை. வந்தது இதுதான்.

"புரொபப்ளி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு மரைக்காயர், பள்ளிக்குள்ள என்ன இங்கிலீசு என்று சினந்தார். மௌலவி அவரைக் கையால் அமர்த்திவிட்டு, அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று என்னிடமே கேட்டார். அவர் சிரிக்கவில்லை. பெரிய ஆள் ஒருவரிடம் கேட்பது போலவே கேட்டார். எனக்குத் துணிவு வந்தது. எங்கள் குசினிக் கதவில் உள்ள ஏணியைப் பற்றிச் சொன்னேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி, இது டெபினட்லி, சந்தேகமே இல்லாதது என்றேன். கையைக் கொஞ்சம் இறக்கிக் காதுக்கு நேரே வைத்து, இதுதான் புரொபப்ளி, அப்படித்தான் இருக்கும் என்று மனம் சொல்கிறது, ஆனால் இல்லாமலும் போகலாம் என்றேன். இன்னும் இறக்கி நெஞ்சுக்கு நேரே வைத்து மேபியைக் காட்டினேன். விறாந்தை முழுக்க என் கையோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

சாட்சி சொல்கிறவர் இதில் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று மௌலவி கேட்டார். மேல்படியில் என்றேன். அது எனக்குத் தெரிந்த பாடம். அதற்குப் பிறகு அவர் கேட்டது, வாய்க்கால் கட்டில் நின்றபோது வயலில் புகை இருந்ததா என்று. இருந்தது என்றேன். நீ கண்டது அந்தப் புகையாக இருக்க ஏலாதா என்றார். என் கை தானாக நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. மாமாவைப் பார்த்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மௌலவி மாமாவிடம் எதுவும் கேட்கவில்லை. மாமா தானாகத்தான் எழும்பினார்.

"ஹஸ்ரத், நான் இந்தப் புள்ளைட விரலப் பார்த்தன். பிறையக் கண்டன் எண்டு அல்லாஹ்ட பள்ளிக்குள்ள நிண்டு சொல்ல ஏலா."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் இருக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தார். பேக்கரிக்காரர் அவரை அண்ணாந்து பார்த்தார். இவர்ர தோளுக்கு மேலாலதான் நானும் பார்த்தன் என்று மெதுவாகச் சொன்னார். மரைக்காயர்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தல் போனது. பிறை உறுதியாகவில்லை, இஷாவுக்குப் பிறகு வழமைபோல் தராவீஹ் தொழுகை நடக்கும், நாளைக்கும் நோன்பு. ஒழுங்கைகளில் பட்டாசு நின்றது. அதைத் தொடர்ந்து பிள்ளைகள் சிணுங்குகிற சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டது. அன்றைக்குக் கொழும்பிலிருந்தும் வானொலியில் அதே அறிவிப்பு வந்தது. நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை.

நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன். நாட்டுக்கே ஒரு நோன்பைக் காப்பாற்றிக் கொடுத்த ஆள் நான். உம்மா தேங்காய்ப்பாலை மூடி வைத்துவிட்டு என் தலையைத் தடவி, ஸாலிஹான பிள்ளை, நல்ல பிள்ளை என்றார். வாப்பா அன்றைக்கு முதல்தடவையாக, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைப் பற்றிக் கதைத்தார். செருப்புக்கு டெபினட்லி என்றார். ராத்தா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தான் படிப்பித்த படிப்பு வீண்போகவில்லை என்று பாதிப் புகழைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அது போதாதென்று நான் மாமியின் வீட்டுக்கும் ஓடினேன். பள்ளிக்குள் நான் எப்படிக் கையைத் தூக்கினேன், எப்படி இறக்கினேன், மௌலவி எப்படித் தலையாட்டினார் என்று ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினேன். மாமி கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், கெட்டிக்காரி என்றார். அந்தப் புகழையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வேன் வந்தது. மாமி சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்தார். இளையவன் அழவில்லை, வேனின் லைட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். மாமா அவனைத் தூக்கி, முகத்தை அவன் வயிற்றில் வைத்து அழுத்தி, இறக்கிவிட்டார். நான் அவரிடம் போனேன். எனக்கும் கவலைதான், ஆனால் அதற்கு ஒரு தீர்வும் வைத்திருந்தேன். பெருநாள் நாளைக்கு எல்லா இடத்திலும் பெருநாள்தானே, விமானம் இறங்கியதும் அங்கேயுள்ள பள்ளிக்குப் போனால் முடிந்தது.

"மாமா, நாளைக்கு அங்க போய்ப் பெருநாள் தொழுவீங்கதானே?"

"ஓம் மகள், தொழுவன்."

வேன் ஒழுங்கை முனையில் திரும்பும்போது பேக்கரிக்காரர் கடையைவிட்டு இறங்கி வந்து கையசைத்தார். எனக்கு மனப்பாரம் இறங்கிவிட்டது. அன்று நன்றாக உறங்கினேன்.

பெருநாள் குத்பாப் பிரசங்கத்தில் பெரிய மௌலவி என் கதையைச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, எங்கள் ஊர்ச் சிறுமி ஒருத்தி என்றார். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும், இரண்டுக்கும் நடுவில் உள்ளதை அது எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே வைத்தும் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள் என்றார். பெண்கள் பகுதியில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உம்மா புதுச் சாரியின் தலைப்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அன்று பின்னேரத்துக்குள் எனக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் பட்டப்பெயர் விழுந்தால் கண்ணை மூடி மையித்து எடுக்கும்வரை போகாது. இன்றைக்கும் சந்தைக்குப் போனால், புரொபப்ளி வாறா, நல்ல மீனா எடுத்து வை என்று சொல்கிற கடைக்காரர் இருக்கிறார். பல்கலைக்கழகப் பட்டத்தைவிட எனக்கு அந்தப் பட்டம் பெரிது.

என்னுடைய பெருமையில் முதல் துளை விழுந்தது பதினோராம் தரத்தில், இஸ்லாம் பாட வகுப்பில். வயதுக்கு வராத பிள்ளையின் சாட்சி கணக்கில் எடுக்கப்பட மாட்டாது என்று டீச்சர் சொல்லிக்கொண்டு போனார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அப்படியானால் அன்று நான் டெபினட்லி என்று சொல்லியிருந்தாலும், இம்பொசிபிள் என்று சொல்லியிருந்தாலும், அந்த விறாந்தையில் என் சொல்லுக்கு நிறை இருந்திருக்காது. இது மௌலவிக்குத் தெரியும். மரைக்காயர்மாருக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. நான் காதுக்கும் நெஞ்சுக்கும் நடுவே கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது, கணக்கில் வருகிற சாட்சிகள் இரண்டு பேர் வாய்மூடி இருந்திருக்கிறார்கள். அவர்கள் அப்படியே இருந்திருந்தால், கொம்பின் திசையில் அவர்கள் முரண்பட்டதைக்கூட மௌலவி மன்னித்து ஏற்றிருக்கக்கூடும். அந்தப் பெருநாளைத் தள்ளிவைத்தது நான் அல்ல. மாமா எழும்பி நின்றதுதான் தள்ளிவைத்தது.

அதற்காக என் பெருமை குறைந்தது என்று நினைக்க வேண்டாம். அது அப்படியே மாமாவின் பக்கம் போனது, போகும்போது இன்னும் கொஞ்சம் பெருத்துக்கொண்டு போனது. ஒரு நாளும் மேபி என்று சொல்லிப் பழகாத ஒரு மனிதர், சொன்னால் வேலை போய்விடும் என்று இருந்தவர், ஊரே பார்த்திருக்க, கூட்டாளி பக்கத்தில் இருக்க, தான் சொன்ன சொல்லைத் தானே எழும்பித் திருப்பி எடுத்தார். அவரை ஒருவரும் நெருக்கவில்லை. யாருடைய பிள்ளைகளுக்கு அதனால் இழப்பு என்று அவருக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தார் என்று நான் யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் பிந்தித்தான் விளங்கியது. கலியாணமான புதிதில் என்னுடைய கணவர் கட்டாருக்குப் போனார். இங்கே நாங்கள் கடைசி நோன்பு பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தொலைபேசியில் அழைத்து, பெருநாள் வாழ்த்துச் சொன்னார். எங்களுக்கு நாளைக்குத்தானே என்றேன். அங்கே அநேகமாக ஒருநாள் முந்தித்தான் வரும், எப்போதும் அப்படித்தான், உனக்குத் தெரியாதா என்றார். பின்னணியில் ஆட்கள் ஸலாம் சொல்லிக் கட்டித்தழுவுகிற சத்தம் கேட்டது. நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே கட்டிலில் இருந்துவிட்டேன்.

மாமா லீவில் வந்த அந்த வருடமும் அங்கே நோன்பு ஒருநாள் முந்தியே பிறந்திருந்தது என்று பிறகு மாமியிடம் கேட்டு அறிந்தேன். நாங்கள் பிறை தேடிய மாலையோடு அங்கே முப்பது நோன்பும் முடிந்திருந்தது. நாங்கள் ஒழுங்கையில் நின்று மாமாவை வேன் ஏற்றிய அந்த நாளில், அவர் போகவிருந்த ஊரில் பெருநாள் தொழுகை முடிந்திருந்தது. விமானம் இறங்கும்போது அங்கே பெருநாளுக்கு மறுநாள். இங்கே நாங்கள் புது உடுப்போடு தொழுகைக்கு நின்றுகொண்டிருப்போம். அந்த வருடம் அவருக்கு இந்தப் பக்கமும் பெருநாள் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. மாமா அதைப் போய் இறங்கிய பிறகு அறிந்துகொள்ளவில்லை. பள்ளிவாசல் விறாந்தையில் எழும்பி நின்றபோதே அவருக்கு அது நிச்சயமாகத் தெரியும்.